செடிக்கு வாட் தெரியாது



"சார், வெளிச்சம் அதிகமானால் செடிக்கு நல்லதுதானே? அப்புறம் ஏன் மீன் எல்லாம் செத்தது?"

எங்கள் குளத்தூர் வட்டாரத்தில் உள்ள ஒரு பள்ளியில், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்ட கேள்வி இது. கேட்டவள் அழவில்லை, ஆனால் அவள் கையில் இருந்த பிளாஸ்டிக் வாளியில் பதினேழு கெண்டைக் குஞ்சுகள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அந்தத் தொட்டிக்கு விளக்குக் கணக்குச் சொன்னவன் நான். கல்லூரியில் இருபது ஆண்டுகளாக ஒளியியல் நடத்துகிறவன் சொன்ன கணக்கு பிழையாகாது என்று எல்லோரும் நம்பினார்கள், நானும் நம்பினேன். அந்தப் பிழையின் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். மீன் தொட்டி வைத்திருப்பவர்களும், வைக்க ஆசைப்படுகிறவர்களும் உங்களில் பலர் இருப்பீர்கள். உங்கள் மீன்களாவது பிழைக்கட்டும்.

முதலில் தொட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாணவர்கள் தாமே பணம் சேர்த்துச் செய்வித்த கண்ணாடித் தொட்டி அது. நீளம் 2 மீட்டர். அகலம் 60 சென்டிமீட்டர். நீரின் ஆழம் 60 சென்டிமீட்டர். கொள்ளளவு 720 லிட்டர். வெறும் நீரின் எடையே 720 கிலோகிராம் என்பதால் செங்கல் மேடை கட்டி அதன்மேல் வைத்தோம். உள்ளே மணலும் களிமண்ணும் பரப்பி, நம் ஊர்க் குளங்களில் விளையும் செடிகளை நட்டோம்: வேலம்பாசி, நீர்ப்பிரம்மி, கொட்டி, ஓரிரு அல்லிக் கிழங்குகள். மீன்களும் நம் ஊர்க் கெண்டைகளே. (சென்னையில் கொளத்தூர் என்றோர் இடம் உண்டு, அலங்கார மீன் வளர்ப்புக்கும் விற்பனைக்கும் நாடறிந்த இடம். எங்கள் ஊரின் பெயரைச் சொன்னதும் பலர் அதை நினைத்துக்கொண்டு மீன் விலை கேட்கிறார்கள். எங்களிடம் இருப்பவை கண்மாயும் குளமும், அவற்றில் உள்ளவையும்தாம்.)

விளக்கு வாங்க வெளியூர்க் கடை ஒன்றுக்குப் போனோம். கடைக்காரர் ஒரு விதி சொன்னார்: "லிட்டருக்கு அரை வாட்." கணக்குப் போட்டேன், 360 வாட் வந்தது. நாலடி நீளமுள்ள 36 வாட் எல்.இ.டி. பட்டை விளக்குகள் பத்து வாங்கினோம். காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை அவை எரிந்தன. சூரியனும் பன்னிரண்டு மணி நேரம்தானே எரிகிறது என்பது என் வாதம்!

பத்தாம் நாள் கண்ணாடியில் பச்சைப் படலம் கட்டியது. மூன்றாம் வாரம் நீரே பச்சைக் குழம்பாயிற்று. கையை விட்டால் முழங்கை தெரியவில்லை. ஒரு நாள் விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்ததைக் காவலர் பார்த்தார். நான் போய்ச் சேர்வதற்குள் வாளி நிறைந்துவிட்டது.

இனி, அந்த விதி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். மேனாடுகளில் மீன் தொட்டி வளர்ப்போர் பல்லாண்டுகளாகக் 'காலனுக்கு இத்தனை வாட்' என்று கைக்கணக்கு வைத்திருந்தார்கள். அது பருமனான பழைய குழல் விளக்குகளின் காலம். நம் வீடுகளில் எரிந்த 40 வாட் குழல் விளக்கு ஏறத்தாழ 2,500 லூமன் ஒளி தந்தது. வாட்டுக்கு அறுபதுக்குச் சற்று மேல். எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே வகை விளக்கு, ஏறக்குறைய ஒரே அளவுத் தொட்டி என்று இருந்தவரை அந்தக் கணக்கு ஓடியது. இன்றைய எல்.இ.டி. விளக்கு வாட்டுக்கு நூறு லூமனும் அதற்கு மேலும் தருகிறது. விளக்கு மாறிவிட்டது; விதி மட்டும் கடையில் தங்கிவிட்டது.

வாட் என்பது விளக்கு மின்கம்பியிலிருந்து எவ்வளவு வாங்குகிறது என்பதற்கான அளவு. எவ்வளவு கொடுக்கிறது என்பதற்கான அளவு அன்று. பந்தியில் சமையற்காரர் எத்தனை மூட்டை விறகு எரித்தார் என்று கேட்டு, விருந்தினர் எத்தனை பிடி சோறு உண்டார் என்று சொல்ல முடியுமா?

இதிலும் பெரிய பிழை 'லிட்டருக்கு' என்னும் சொல்லில் இருக்கிறது. ஒரு தொட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டித்தால் கொள்ளளவு எட்டு மடங்காகும்; ஆனால் ஒளி விழும் மேற்பரப்பு நான்கு மடங்கே ஆகும். ஒளி பரப்பின்மீது விழுவது. வயலுக்கு மழையை 'இத்தனை மில்லிமீட்டர்' என்று அளக்கிறோமே தவிர, மண்ணின் கன அளவைக் கேட்பதில்லை. சிறிய தொட்டியில் இந்தப் பிழை மறைந்துகிடக்கும். தொட்டி பெரிதாகப் பெரிதாகப் பிழையும் பெருகும். ஆகவே பெரிய தொட்டி வைப்பவர்தாம் இந்த விதியால் அதிகம் ஏமாறுகிறார். பத்தாம் வகுப்புக் கனவளவுக் கணக்கில் இது அடங்கும்; என் கண்ணில் அன்று படவில்லை.

சரி, வாட் வேண்டாம், லூமனைப் பார்க்கலாமா? அதுவும் முழுச் சரியன்று. லூமன் என்பது மனிதக் கண்ணின் தீர்ப்பு. நம் கண் 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சட்பச்சை ஒளிக்கு மிகக் கூர்மையாக இருக்கிறது. அடர் சிவப்புக்கும் அடர் நீலத்துக்கும் மங்கலாக இருக்கிறது. 1924-இல் பன்னாட்டு ஒளியியல் குழு சராசரிக் கண்ணின் இந்தக் கூர்மையை ஒரு வளைகோடாக வரைந்து ஏற்றுக்கொண்டது. லூமன் அந்த வளைகோட்டில்தான் நிற்கிறது. அந்தத் தேர்தலில் செடிக்கு வாக்குரிமை இல்லை.

செடி எண்ணுவது போட்டான்களை. ஒளி சிறுசிறு பொட்டலங்களாக வருகிறது என்றும், அந்தப் பொட்டலத்துக்குப் போட்டான் என்று பெயர் என்றும் படித்திருப்பீர்கள். பச்சைய மூலக்கூறு ஒரு நேரத்தில் ஒரு போட்டானை வாங்கிக்கொள்கிறது. ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வெளிவரக் குறைந்தது எட்டுப் போட்டான்கள் வேண்டும். இந்த எண்ணிக்கைக்காக ஒரு பெரிய சண்டையே நடந்தது. நோபல் பரிசு பெற்ற ஜெர்மானிய அறிஞர் ஆட்டோ வார்பர்க் நான்கே போதும் என்றார். அவரிடம் பயின்ற அமெரிக்கர் ராபர்ட் எமர்சன் எட்டுக்குக் குறையாது என்றார். ஆண்டுக்கணக்கில் வாதிட்டார்கள். முடிவில் மாணவரே சரி என்று ஆயிற்று. ஆசிரியர் சொன்னார் என்பதற்காக எதையும் விட்டுவிடாதீர்கள்.

சிவப்புப் போட்டானின் ஆற்றல் குறைவு. நீலப் போட்டானின் ஆற்றல் அதிகம். 660 நானோமீட்டர் சிவப்பு ஒளி ஒரு வாட் இருந்தால் அதில் விநாடிக்கு ஏறத்தாழ 33 ஆயிரம் கோடி கோடிப் போட்டான்கள் வரும். 450 நானோமீட்டர் நீல ஒளி ஒரு வாட்டில் 23 ஆயிரம் கோடி கோடிதான். இவ்வளவு பெரிய எண்களைத் தினமும் எழுத முடியாதல்லவா? ஆகவே வேதியியலில் அணுக்களை எண்ணுவதுபோல் போட்டான்களையும் மோல் கணக்கில் எண்ணுகிறார்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடியில் விழும் போட்டான்களை மைக்ரோமோலில் சொல்வது வழக்கம். இதில் 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள போட்டான்களை மட்டும் சேர்ப்பார்கள். நம் ஊர் உச்சி வெயிலில் இது ஏறத்தாழ 2,000. அதே வெயில் லக்ஸ் கணக்கில் ஏறத்தாழ ஒரு லட்சம்.

கடைகளில் ஊதா நிற விளக்கைக் காட்டி, "செடிக்குச் சிவப்பும் நீலமும் மட்டும் போதும், பச்சை வீண்" என்பார்கள். இது பாதி உண்மை. 1880-களின் தொடக்கத்தில் எங்கல்மான் என்னும் ஜெர்மானிய அறிஞர் பாசி இழை ஒன்றின்மீது முப்பட்டகத்தால் பிரித்த நிறமாலையை விழச்செய்து, ஆக்சிஜனை நாடும் பாக்டீரியாக்களை அந்த நீரில் விட்டார். அவை சிவப்பு விழுந்த இடத்திலும் நீலம் விழுந்த இடத்திலும் மொய்த்தன. கருவி எதுவும் இல்லாமல், உயிரையே கருவியாக்கிய சோதனை அது! ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1972-இல் மக்ரீ என்பவர் 22 வகைப் பயிர்களின் இலைகளில் அளந்து, பச்சை ஒளியிலும் ஒளிச்சேர்க்கை கணிசமாக நடக்கிறது என்று காட்டினார். நீருக்குள் வாழும் இலை மிக மெல்லியது. வேலம்பாசியின் இலைக்கு இரண்டே செல் தடிப்பு. ஆகவே தரைச் செடி அளவுக்கு அது பச்சை ஒளியைப் பிடித்துவைக்காது. என்றாலும் வீண் என்று சொல்ல இடமில்லை. மேலும், ஊதா வெளிச்சத்தில் செடி கறுத்துத் தெரியும். இலை மஞ்சளாகி நோயுறுவதைக் கண்டுபிடிக்கவே முடியாது. பள்ளித் தொட்டிக்கு வெள்ளை விளக்கே ஏற்றது என்பது என் கருத்து.

வெள்ளை என்றால் எந்த வெள்ளை? விளக்கு உறையில் 3000 கெல்வின், 6500 கெல்வின் என்று அச்சிட்டிருக்கும். இது நிறத்தின் சாயலைச் சொல்வது, அளவைச் சொல்வதன்று. மஞ்சள் கலந்த வெள்ளையா, நீலம் கலந்த வெள்ளையா என்பது உங்கள் கண்ணுக்குப் பிடித்ததைப் பொறுத்தது. இதைப் பற்றி மணிக்கணக்காக வாதிடுவோர் உண்டு. நான் அதில் கலந்துகொள்வதில்லை.

இப்போது ஓர் இயற்பியல் வியப்பு. விளக்கிலிருந்து தொலைவு இரட்டித்தால் ஒளி நான்கில் ஒரு பங்காகும் என்னும் எதிர்த்தகவு இருமடி விதியை நீங்கள் படித்திருப்பீர்கள். அப்படியானால் ஆழமான தொட்டியின் அடியில் ஒளியே போய்ச் சேராது என்று பயந்துதான் நானும் பத்து விளக்குக்குத் தலையாட்டினேன். அந்த விதி புள்ளி போன்ற ஒளிமூலத்துக்கு, சுற்றிலும் ஒன்றுமில்லாத வெளியில் பொருந்துவது. நம்முடையதோ இரண்டு மீட்டர் நீள வரிசை விளக்கு. நான்கு புறமும் கண்ணாடிச் சுவர். நீரிலிருந்து காற்றுக்குப் போகும் ஒளியின் மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 48.6 பாகை. மேலிருந்து நீருக்குள் நுழையும் ஒளிக்கதிர் செங்குத்தை நோக்கி வளைகிறது. ஆகவே அது பக்கச் சுவரை மிகச் சாய்வாகத்தான் தொடும். கணக்கிட்டுப் பாருங்கள்: செங்குத்துக்கு 61 பாகைக்குள் வந்து நீரில் நுழையும் கதிர் எதுவானாலும் பக்கக் கண்ணாடியில் முழு அக எதிரொளிப்பு அடைந்து உள்ளேயே திரும்பும். கண்ணாடித் தொட்டி தன் ஒளியைத் தானே கட்டிக் காக்கிறது! ஆனால் பாசி படிந்த சுவருக்கு இது பொருந்தாது. அங்கே ஒளி பாசிக்கு உணவாகிவிடும்.

நீர் உறிஞ்சும் ஒளியையும் நாம் மிகையாக எண்ணுகிறோம். தூய நீர் சிவப்பைத்தான் உறிஞ்சும். 60 சென்டிமீட்டர் ஆழத்தில் 660 நானோமீட்டர் சிவப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். நீலம் நூற்றில் ஒரு பங்குகூடக் குறையாது. உண்மையான நட்டம் வேறிடத்தில். ஆழ்துளைக் கிணற்று நீர் தெறித்து, மூடிக் கண்ணாடியில் வெள்ளையாக உப்புப் பூக்கிறதே, அதைத் துடைக்காமல் விட்டால் எந்த ஆழமும் செய்யாத கெடுதலை அது செய்யும். ஒரு பழந்துணியும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் ஒரு விளக்குக்குச் சமம்.

எல்லாம் சரி, நமக்கு எவ்வளவுதான் வேண்டும்? தொட்டி வளர்ப்போரின் அனுபவ அளவுகள் இவை: மெதுவாக வளரும் செடிகளுக்கு அடித்தரையில் 15 முதல் 30 மைக்ரோமோல், நடுத்தரத் தேவை உள்ளவற்றுக்கு 30 முதல் 60. எங்கள் தொட்டிக்கு 40 என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 1.2 சதுர மீட்டர். ஆக விநாடிக்கு 48 மைக்ரோமோல் அடியில் சேர வேண்டும். பக்கவாட்டில் சிதறுவது, மூடியில் தங்குவது எல்லாம் போக விளக்கின் ஒளியில் பாதிதான் சேரும் என்று கொண்டால், விளக்கு 96 மைக்ரோமோல் தர வேண்டும். வெள்ளை எல்.இ.டி. ஒளியில் ஒரு மைக்ரோமோல் என்பது ஏறத்தாழ 70 லூமனுக்குச் சமம். வாட்டுக்கு நூறு லூமன் தரும் விளக்கானால் வாட்டுக்கு 1.4 மைக்ரோமோல். ஆகவே வேண்டியது 67 அல்லது 68 வாட்.

நாங்கள் எரித்ததோ 360 வாட். அதுவும் பன்னிரண்டு மணி நேரம்! இரண்டு 36 வாட் விளக்குகள் போதும் என்ற இடத்தில் பத்து விளக்குகள். மின்கணக்கில் நாளுக்கு நான்கு யூனிட்டுக்கு மேல். எட்டு மணி நேரம் இரண்டு விளக்கு எரித்தால் அரை யூனிட்டை ஒட்டித்தான் ஆகும்.

அதிகமாகப் போனால் மின்சாரம்தானே வீண், மீன் ஏன் சாக வேண்டும்? மாணவியின் கேள்விக்கு இப்போதுதான் வருகிறோம். 1905-இல் பிளாக்மன் என்னும் ஆங்கில அறிஞர் ஒன்றைத் தெளிவாக்கினார்: ஒளியைக் கூட்டக் கூட்ட ஒளிச்சேர்க்கையும் கூடும், ஓர் எல்லைக்கு மேல் கூடாது, அங்கே வேறொன்று தட்டுப்பாடாக நிற்கும். நடவுக்குப் பத்து ஆட்கள் வந்து நிற்க, நாற்று இரண்டே கட்டு இருந்தால் என்ன ஆகும்? தொட்டியில் அந்த நாற்று கரியமிலவாயு. காற்றோடு சமநிலையில் உள்ள நீரில் அது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூட இராது. தவிர, நீருக்குள் அது பரவும் வேகம் காற்றில் பரவுவதைப்போல் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. செடி வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. உணவு நகர்ந்து வரவில்லை. அந்த மிச்ச ஒளியை யார் எடுத்துக்கொள்வார்? நீரில் மிதக்கும் நுண்பாசி. அது மிகச் சிறியது. நீரோடு நீராக மிதப்பதால் கிடைக்கும் சிறிதளவு உணவையும் முந்திப் பிடித்துவிடும். (தமிழில் இரண்டுக்கும் பாசி என்றே பெயர் வைத்துவிட்டோம். வேலம்பாசி பூக்கும் செடி. நீரைப் பச்சையாக்குவது வேறு உயிர். தேர்வில் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

பகலில் இந்தப் பாசி ஆக்சிஜனைக் கொட்டும். விளக்கை அணைத்ததும் அதுவும் நம்மைப் போல் மூச்சுவிடும் உயிர்தான். 30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீர் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் தாங்கும். மிகுதியாகப் பகலில் கரைந்தது குமிழியாகப் போய்விடுகிறது. இரவெல்லாம் பாசியும் செடியும் மீனும் மட்கும் குப்பையும் சேர்ந்து அந்தச் சிறு கையிருப்பைத் தின்கின்றன. விடிவதற்குச் சற்று முன்னர்க் கையிருப்பு அடிமட்டத்தைத் தொடும். பச்சை பூத்த குளத்தில் விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளப்பதை மீன் வளர்ப்போர் எல்லோரும் அறிவர். எங்கள் தொட்டியில் நான் அந்தக் குளத்தை மூன்றே வாரத்தில் உண்டாக்கிக் காட்டினேன்.

இவ்வளவு வெளிச்சம் கொட்டியும் எனக்கு அது அதிகமாகத் தோன்றவில்லை என்பதுதான் வேடிக்கை. எங்கள் ஊரிலிருந்து அதிகத் தொலைவில்லாத சித்தன்னவாசலுக்கு நீங்கள் போயிருக்கலாம். குடைவரைக் கோயிலின் மேற்கூரையில் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த தாமரைக் குளம் ஒன்று தீட்டப்பட்டிருக்கிறது. மீனும் அன்னமும் யானையும் எருமையும் பூப்பறிக்கும் மனிதரும் அதில் உண்டு. பாறையின் வெயிலிலிருந்து உள்ளே நுழைந்தவுடன் எதுவும் தெரியாது. சற்று நின்றால் ஒவ்வொரு மீனாக வெளிவரும். மாறியது வெளிச்சமன்று, உங்கள் கண். இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தன்னைத் திருத்திக்கொள்ளும் கண், நல்ல கருவி, அளவுகோலாகாது. 3,000 லக்ஸும் 15,000 லக்ஸும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாலொழிய அதற்குப் பெரிதாக வேறுபடா. அன்று எங்கள் தொட்டியின் அடியில் விழுந்தது, கணக்குப்படி, ஏறத்தாழ 15,000 லக்ஸ்.

ஆகவே அளக்க வேண்டும். போட்டான் மானிகளின் விலை பள்ளிக்கு எட்டாது. ஆனால் இன்று பல வீடுகளில் உள்ள கைப்பேசியில் திரையின் வெளிச்சத்தைத் தானே கூட்டிக் குறைக்க ஓர் ஒளி உணரி இருக்கிறது. லக்ஸ் காட்டும் செயலிகள் அதைப் பயன்படுத்துகின்றன. தொட்டியில் நீர் ஊற்றுவதற்கு முன்பே, விளக்கை அதன் இடத்தில் தொங்கவிட்டு, கைப்பேசியை அடித்தரையில் மல்லாக்க வைத்து, நடுவிலும் மூலைகளிலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளை எல்.இ.டி. விளக்கானால் அந்த எண்ணை 70-ஆல் வகுத்தால் மைக்ரோமோல் வரும். இரண்டு கைப்பேசிகள் ஒரே எண்ணைக் காட்டா, அதனால் பரவாயில்லை. நமக்கு வேண்டியது 40-ஆ 200-ஆ என்பதுதான்; 40-ஆ 45-ஆ என்பதன்று. ஊதா விளக்குக்கு மட்டும் இந்த 70 பொருந்தாது. ஏன் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

எனக்கு எதிர்வாதம் ஒன்றும் தெரியும். ஜப்பானியக் கலைஞர் தகாஷி அமானோ 2015-இல் மறைவதற்கு முன்பு லிஸ்பன் நகரக் கடல்காட்சிச்சாலையில் 40 மீட்டர் நீளமுள்ள நன்னீர்ச் செடித் தொட்டி ஒன்றை அமைத்தார். அவர் பாணித் தொட்டிகளின் படங்களைப் பார்த்தவர்கள், 'அந்தச் செந்நிறச் செடிகளும் புல்வெளி விரிப்பும் மங்கிய ஒளியில் வருமா?' என்று கேட்பார்கள். வரா. ஆனால் அந்தப் பாணியில் உருளையிலிருந்து கரியமிலவாயுவை நாள்தோறும் செலுத்துகிறார்கள், உரத்தை அளந்து ஊற்றுகிறார்கள், வாரந்தோறும் நீரை மாற்றுகிறார்கள், கத்தரியோடு காத்திருக்கிறார்கள். நாற்றுக் கட்டு அங்கே குவிந்திருக்கிறது, ஆட்களையும் அழைக்கலாம். கோடை விடுமுறையில் ஒன்றரை மாதம் பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கு அது ஒத்துவராது. நாற்றில்லாமல் ஆளை மட்டும் அழைப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

என் கட்சி இது: செடியை முதலில் தேர்ந்தெடுங்கள், விளக்கைப் பிறகு வாங்குங்கள். நாம் தலைகீழாகச் செய்கிறோம். குளத்தங்கரையில் போய் நின்று பாருங்கள். மழைக்குப்பின் எங்கள் குளத்து நீர் செம்மண் கரைந்து நிற்கும். ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கினால் சிறிது ஆழத்திலேயே மறைந்துவிடும். 1865-இல் செக்கி என்னும் இத்தாலியப் பாதிரியார் கடலில் செய்த சோதனை இதுதான். இன்றும் நீரியல் அறிஞர்கள் அந்தத் தட்டைப் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கலங்கலிலும் செடிகள் பிழைத்திருக்கின்றனவே, எப்படி? அல்லியும் கொட்டியும் காம்பை நீட்டி இலையை மேலே மிதக்கவிடுகின்றன. வேலம்பாசியோ நீருக்குள்ளேயே இருந்துகொண்டு, முழு வெயிலின் நூற்றில் ஒரு பங்கு ஒளியில்கூடக் காலம் தள்ளுகிறது. கரியமிலவாயு குறைந்தால் நீரில் கரைந்துள்ள பைகார்பனேட்டையும் எடுத்துக்கொள்கிறது. இத்தகைய செடிக்கு 360 வாட் யார் கேட்டார்?

இதே ஆற்றல் அதை ஆபத்தானதாகவும் ஆக்குகிறது. 1950-களில் இலங்கையிலிருந்து மீன் தொட்டி வணிகத்தின் வழியாக அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போன வேலம்பாசி அங்குள்ள ஏரிகளையும் கால்வாய்களையும் அடைத்துவிட்டது. நம் குளங்களை ஆகாயத்தாமரை அடைத்திருப்பது அதன் மறுபக்கம். அது தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. கடையில் வாங்கிய அயல்நாட்டுச் செடியின் ஒரு துண்டைக்கூடக் குளத்தில் வீசாதீர்கள். வெயிலில் காயவைத்துக் குப்பைக்குழியில் போடுங்கள்.

மீன்கள் செத்தபின் தலைமையாசிரியர் தொட்டியை எடுத்துவிடலாம் என்றார். நியாயம்தான். இன்னும் ஒரு பருவம் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். நீரை வடித்து, மணலை அலசி, செடிகளை மட்டும் மறுபடி நட்டோம். மீன் விடவில்லை. இரண்டே விளக்கு, காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை ஏழு மணி நேரம், அணைப்பதும் ஏற்றுவதும் ஒரு சிறு நேரக்கருவியின் வேலை. அந்த மாணவியும் இருவரும் சேர்ந்து வாரம் ஒருமுறை வேலம்பாசியின் ஒரே தண்டை அளந்து குறிப்பேட்டில் எழுதினார்கள். வளர்ச்சி நின்றால் ஒரு மணி நேரம் கூட்டுவது, கண்ணாடியில் பச்சை படிந்தால் ஒரு மணி நேரம் குறைப்பது என்று ஏற்பாடு. இரண்டு முறை கூட்டினார்கள், ஒரு முறை குறைத்தார்கள். எட்டு மணி நேரத்தில் நின்றது. கொட்டியின் முதல் இலை நீர்மட்டத்தைத் தொட்ட வாரத்தில் ஆறு கெண்டைகளை விட்டோம். விடியற்காலையில் வந்து பார்க்கும் பொறுப்பைக் காவலர் தாமே ஏற்றுக்கொண்டார். ஆறும் இருக்கின்றன.

மிஞ்சிய எட்டு விளக்குகளும் இப்போது ஒன்பதாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளில் எரிகின்றன. அந்த அறைகளில் கடைசி வரிசைக்குக் கரும்பலகை தெரியவில்லை என்று வெகுநாளாகக் குறை இருந்ததாம்.